சாம்பாரில் விழாத பல்லி

என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் நான் நஞ்சுண்டிருக்கிறேன். அதுவும் எதையும் உண்ணாமலே.

அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் செல்லும் சாலையைவிட்டுச் சற்றே உள்ளடங்கிய எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் எழுபது பிள்ளைகள் நண்பகலில் சத்துணவு உண்டோம். அதனைச் சமைத்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. மாமா காலமானபின் மகனை வெளியூர் விடுதியில் சேர்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே தனியாக வாழ்ந்துவந்த அத்தைக்கு அந்தச் சமையற்கூடமே பிழைப்பு, அதுவே பெருமையும். பள்ளியில் எல்லோரும் அவரை ஆயம்மா என்று அழைக்க, நான் ஒருத்தி மட்டும் அத்தை என்று அழைக்கும் உரிமை பெற்றிருந்தேன். மாலையில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: இன்றைக்கும் உங்கள் மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

தட்டு வழிக்கப்பட்டது உண்மை. வழித்தது நானல்ல. எனக்குக் கத்திரிக்காய் அறவே பிடிக்காது. அத்தையின் சாம்பாரிலோ வாரத்தில் நான்கு நாள் கத்திரிக்காய்தான் மிதக்கும். ஆகவே எனக்கும் பக்கத்தில் அமரும் மேரிக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. அத்தை பரிமாறிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் என் சோறு மேரியின் தட்டுக்குப் போய்விடும். நான் பாவாடை மடிப்பில் கட்டிவந்த மல்லாட்டையை உரித்துத் தின்பேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். கொடி பிடுங்கிய நிலத்தில் மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் கிளறி எடுப்பதற்கு அப்பருவத்தில் எவரும் தடை சொல்வதில்லை. இரண்டு பங்கு உண்டு மேரி செழித்தாள். அத்தையின் மனமும் குளிர்ந்திருந்தது. யாருக்கும் இழப்பில்லாத ஏற்பாடு என்றே நான் கருதியிருந்தேன்.

அத்தையின் சமையலில் ஒரு தனி வழக்கம் உண்டு. கத்திரிக்காயின் காம்பை அவர் களைய மாட்டார். காம்போடு நான்காக வகிர்ந்து போட்டால்தான் காய் குழையாது என்பது அவர் கொள்கை. ஆனால் எழுபது பேருக்கு வேகும் அண்டாவில் கொள்கை செல்லுபடியாவதில்லை. சதை கரைந்துபோகும், காம்பும் அதைச் சூழ்ந்த பச்சைத் தொப்பியும் மட்டும் எஞ்சும். தொப்பியின் நுனிகள் நான்கோ ஐந்தோ கால்களைப்போல் விரிந்து நிற்கும். காம்பு வாலைப்போல் வளைந்திருக்கும். அதனை வாரந்தோறும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த எவருக்கும் எதுவும் தோன்றியதில்லை. ஒருநாள் முதல் வரிசையில் இருந்த இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குத் தோன்றிவிட்டது.

"ஆயம்மா, பல்லி" என்றான்.

அவன் கத்தவில்லை. உப்புக் கேட்பவனைப்போலத்தான் சொன்னான். அத்தை சமையற்கூடத்துக்குள் இருந்ததால் அது அவர் காதில் விழவில்லை. அவன் வரிசையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. முதல் வரிசையில் அது பல்லியாகவே இருந்தது. இரண்டாம் வரிசைக்கு வருகையில் அதற்கு வால் அறுந்திருந்தது. வால் அறுந்ததென்றால் அறுந்த வால் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே; பிள்ளைகள் தத்தம் தட்டைக் கிளறத் தொடங்கினார்கள். மூன்றாம் வரிசைப் பெண்ணொருத்தி தன் தட்டில் ஒரு கால் கிடப்பதாகச் சொன்னாள். நாங்கள் அமர்ந்திருந்த நான்காம் வரிசைக்கு அது இரண்டு பல்லிகளாக வந்து சேர்ந்தது.

முதலில் வாந்தியெடுத்தவன் அந்தச் சிறுவன்தான். பிறகு அவனருகில் இருந்தவன். பிறகு யார், எவர் என்று சொல்வதற்கில்லை. வரிசை வரிசையாகக் குனிந்தார்கள். எனக்கு நாக்கின் அடியில் நீர் ஊறியது, நெற்றி குளிர்ந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உறுதியாகச் சொல்கிறேன்: அந்தக் குமட்டலில் பொய் இல்லை. நானும் குனிந்தேன்.

மேரி என்னை வியப்போடு பார்த்தாள். "உனக்கு இன்னாடி ஆச்சு? நீதான் துன்னவே இல்லியே."

"பல்லிடி" என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

ஊருக்கு நாலைந்து கைப்பேசிகள் வந்திருந்த காலம் அது. அவை அனைத்தும் அன்று ஒரே நேரத்தில் உழைத்தன. மல்லாட்டை மூட்டை ஏற்றுவதற்காக வந்து நின்ற சுமைவண்டியில் எங்களை ஏற்றித் திண்டிவனத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச்சேருமுன் செய்தி விழுப்புரம் போய்ச்சேர்ந்திருந்தது. அங்கே ஓர் இரும்புக்கடையில் வேலைபார்த்துவந்த அப்பாவிடம், உங்கள் ஊர்ப் பள்ளியில் சோற்றில் பாம்பு விழுந்து மூன்று பிள்ளைகள் போய்விட்டார்களாம் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பா சட்டைகூட மாற்றாமல் பேருந்து ஏறியிருக்கிறார். அந்தப் பயணத்தைப்பற்றி அவர் பின்னாளில் எங்களிடம் பேசியதே இல்லை.

மருத்துவமனையில் எங்களைப் பாயிலும் கட்டிலிலும் இருவர் மூவராகக் கிடத்தினார்கள். அத்தை கூடத்தின் ஓரத்தில், சுவரில் சாயாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அலுவலர் ஒருவரும் எங்கள் தலைமையாசிரியையும் நின்றார்கள். அலுவலர் கையில் ஒரு தாள் இருந்தது. சாம்பாரில் பல்லி விழுந்ததைக் கவனியாமல் பரிமாறிவிட்டேன் என்று எழுதி அத்தை அதில் கையெழுத்திட வேண்டும். இட்டால் அந்த வேலை போகும் என்பது எனக்குக்கூட விளங்கியது. ஏனென்றால் அம்மா என் தலைமாட்டில் நின்று அதையே பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்லர். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "இல்ல இல்லன்னு நீ சொல்லிக்கினு இருந்தா கேசு ஆயிடும்மா. பல்லி விழறது யார் கையில இருக்குது? விழுந்துச்சு, பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டா இதோட முடிஞ்சிடும்."

"நான் மூடி போட்டுத்தாங்க வச்சிருந்தேன்" என்றார் அத்தை.

அதைச் சொன்னபோது குரல் உறுதியாக இருந்தது. வந்த பெற்றோர் ஒவ்வொருவராக அவரிடம் கேட்டார்கள். யாரும் கைநீட்டவில்லை, ஏசியவர்கள்கூட இரண்டொருவர்தாம். எப்படித்தான் விழுந்தது என்பதே எல்லோரும் கேட்டது. விழுந்ததா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. ஐந்தாறு பேருக்கு விடை சொல்லியபின், மூடி போட்டதாகத்தான் நினைக்கிறேன் என்று அத்தையின் விடை மாறியது. பத்தாவது ஆளிடம், காலையில் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு பல்லி ஓடியதென்று சொன்னார். எந்தச் சமையற்கூடத்துச் சுவரில்தான் பல்லி ஓடவில்லை? ஆனால் அன்று அது சாட்சியாயிற்று. கடைசியில் என் அம்மாவின் அருகில் வந்து, எவருக்கும் கேட்காத குரலில் அத்தை சொன்னது எனக்குக் கேட்டது.

"விழும்போது தொப்புன்னு ஒரு சத்தம் வந்துச்சு அண்ணி. நான்தான் இன்னாவோன்னு இருந்துட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை அலுவலரிடம் திரும்பிப்போய்ப் பேனாவைக் கேட்டார்.

அந்த வேளையில் என் அருகில் வந்தவர் வளவனூர்க்காரரான ஒரு செவிலியர். கழுத்தில் செபமாலை, கையில் வாந்திக் கிண்ணம். பக்கத்துப் பையன் குமட்டியதைக் கேட்டு நான் இரண்டாம்முறை வாந்தியெடுத்திருந்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தார்.

"பாப்பா, மத்தியானம் இன்னா சாப்பிட்ட?"

"சோறும் சாம்பாரும்."

"உங்க ஊர்ல சாம்பாருக்கு மல்லாட்டைதான் போடுவாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை எட்டடி தொலைவில் தாளைச் சுவரில் வைத்து, எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இரண்டு அச்சங்கள் இருந்தன. அவர் சோற்றை நான் தொட்டதே இல்லையென்று அத்தைக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. மற்றது அதைவிடப் பெரிது: உண்ணாதவள் வாந்தியெடுத்தாள் என்றால் எல்லோரும் என்னை நடிப்புக்காரி என்பார்களே. நான் நடிக்கவில்லை. அதை எப்படி நிறுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேனாவின் முனை தாளில் படுவதைக் கண்டேன்.

"அத்தை, நான் உன் சோத்த துன்னவே இல்ல" என்றேன்.

நான் எண்ணியதைவிட உரக்க வந்துவிட்டது குரல். அத்தை திரும்பினார். கூடமே திரும்பியது. அத்தை கேட்ட முதற்கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்த எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"எத்தினி நாளா?"

நான் தலைகுனிந்தேன். விடை, வாசற்பக்க மரப்பலகையில் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த மேரியிடமிருந்து வந்தது. "ரொம்ப நாளா ஆயம்மா. நான்தான் அவளுதையும் துன்னுக்கினு இருக்கேன்." பிறகு, சொன்னதில் ஏதோ குறைவதுபோல் தோன்றியதோ என்னவோ, "சாம்பார் நல்லாத்தான் இருக்கும் ஆயம்மா" என்று சேர்த்துக்கொண்டாள்.

செவிலியர் மேரியிடம் போனார். எத்தனை முறை வாந்தியெடுத்தாய் என்று கேட்டார். ஒருமுறையும் இல்லை என்றாள் அவள். வயிற்றுவலி? இல்லை. மயக்கம்? இல்லை. அப்படியானால் எதற்கு வந்தாய்?

"எல்லாரும் வண்டி ஏறினாங்க" என்றாள் மேரி.

செவிலியர் மருத்துவரை அழைத்துவந்தார். இளைஞர், கண்கள் சிவந்து களைத்திருந்தார். இரண்டு பங்கு தின்றவள் இன்னொரு ரொட்டி கேட்கிறாள், தொடாதவள் வாந்தியெடுக்கிறாள் என்று செவிலியர் சொன்னதை அவர் இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். எல்லாப் பிள்ளைகளின் நாடியும் சீராக இருப்பதாகவும், உணவில் நஞ்சு கலந்திருந்தால் உண்டுகொண்டிருக்கும்போதே வரிசையாக இப்படி நேராது என்றும் அலுவலரிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "பயந்தாலும் வாந்தி வரும்மா, அது பொய் இல்ல" என்றார். என் இரண்டாவது அச்சம் அந்த ஒற்றை வாக்கியத்தில் கரைந்தது. முதலாவது அத்தையின் முகத்தில் இன்னும் இருந்தது.

அலுவலர் தாளை அத்தையின் கையிலிருந்து மெல்ல வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதலில் அண்டாவைப் பார்த்துவிடுவோம் என்றார்.

அப்போதுதான் அப்பா உள்ளே நுழைந்தார். கட்டில் கட்டிலாகத் தேடிவந்து, நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். சற்றுநேரம் கழித்து, பாம்பு எங்கே என்று கேட்டார். பல்லி என்று அம்மா திருத்தினார். பல்லியும் இல்லை என்று செவிலியர் திருத்தினார். அப்பா மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் புடைவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அன்று மாலையே ஊரார் முன்னிலையில் மிச்சச் சாம்பாரைச் சல்லடையில் வடித்துப் பார்த்தார்கள். கிடைத்தவை அனைத்தும் கத்திரிக்காய்க் காம்புகள். அவற்றுள் ஒன்றை எடுத்து அந்தச் சிறுவனிடம் காட்டினார்கள். இதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டான். ஊரே அவனை உற்றுப்பார்க்கவும் சற்று யோசித்து, "ஆனா அதுக்குக் கண்ணு இருந்துச்சு" என்றான். அலுவலர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. உணவில் குறையேதும் காணப்படவில்லை என்று எழுதிய அறிவிப்பொன்றை மறுநாள் தலைமையாசிரியை பள்ளிச் சுவரில் ஒட்டினார். அத்தை தப்பித்தார் என்று எங்கள் வீட்டில் அன்றிரவு பாயசம் வைத்தோம்.

ஆனால் பள்ளியில் யாரும் உண்ணவில்லை.

முதல்நாள் எழுபது தட்டுகளிலும் சோறு அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் பாதிப்பேர் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்தார்கள். மேரிகூடக் கேப்பைக் களி கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் அண்டாச் சோறு மாட்டுத்தொட்டிக்குப் போனது. அத்தை இப்போது காம்புகளை ஒட்டக் களைந்துவிட்டே நறுக்கினார். அதனால் என்ன, தேடுகிறவர் கண்ணுக்குக் கறிவேப்பிலைக் காம்பும் கால்தான். மாலையில் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கே வந்தார். பிள்ளைகள் சாப்பிடவில்லையென்றால் வேறோர் ஆளைக் கேட்டு எழுதத்தான் வேண்டியிருக்கும், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்றார். அத்தை தலையசைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் அவர் என் தட்டைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

நான்காம் நாள் நான் உண்டேன். அத்தையைக் காக்கவேண்டும் என்று முடிவுசெய்து உண்டதாக எழுத ஆசைதான். உண்மை வேறு. முந்தைய நாள், கொடி பிடுங்கிய அந்த நிலத்தை உழுதுவிட்டார்கள். மடியில் மல்லாட்டை இல்லை. என் களவைக் கேட்டுச் சினந்திருந்த அம்மா தூக்குவாளி தர மறுத்திருந்தார். எனக்குப் பசித்தது. சாம்பார்ச் சோற்றை ஒரு கவளம் எடுத்து, மூச்சை அடக்கி விழுங்கினேன். பிறகு இன்னொன்று.

மேரி களியில் கைவைத்தபடி என்னையே பார்த்தாள். "எப்டிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். கண்ணில் நீர் கோத்திருந்தது. காரத்தால் என்று அவள் நினைத்திருக்கக்கூடும்.

அவள் என் தட்டில் கைவிட்டு ஒரு வாய் தின்றாள். பிறகு தன் தட்டை நீட்டிச் சாம்பார் கேட்டாள். அவளுக்கு அப்பால் இருந்தவள் அவளைப் பார்த்தாள். நான்காம் வரிசை உண்ணத் தொடங்கியதை மூன்றாம் வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ, இன்றைக்குச் சாம்பார் மணக்கிறது என்றார்கள். இரண்டாம் வரிசைக்கு அது, பருப்பு கூடுதலாகப் போட்ட சாம்பாராகப் போய்ச்சேர்ந்தது. முதல் வரிசையில் அந்தச் சிறுவன், அதற்குக் கண் இருந்தது என்று சொன்ன அதே சிறுவன், மறுசோறு கேட்டுத் தட்டைத் தூக்கிப்பிடித்தான். அத்தை கரண்டியோடு சமையற்கூட வாசலில் நின்றார். நகரவே இல்லை. பிறகு ஓட்டமும் நடையுமாக வந்து பரிமாறத் தொடங்கினார். என்னிடம் வந்தபோது என் தட்டைப் பார்த்தார். ஒரு கரண்டி சோறு வைத்தார். வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய கரண்டி.

வேலை நிலைத்தது. ஓய்வுபெறும்வரை அத்தைதான் அங்கே சமைத்தார். அன்று என் நெஞ்சில் இருந்த நிம்மதிக்கு அளவில்லை. அதைவிட, ஒரு பெருமிதம் இருந்தது. சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பிள்ளைகள் ஒருவழியாகப் படித்துத் தெளிந்துவிட்டார்கள் என்று நம்பினேன். மருத்துவர் சொன்னார், அலுவலர் எழுதினார், உண்மை வெளிப்பட்டது, எல்லோரும் உண்டார்கள். அந்த வயதில் எனக்கு உலகம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, குழாயடியில் நானும் மேரியும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். மேரி எதிர்ச்சுவரைக் காட்டி, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பல்லி விழவில்லை என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"அப்டியா? அப்ப நெஜமாவே விழலியா?"

"விழலன்னுதானேடி எல்லாரும் சொன்னாங்க. நீயும் ஆஸ்பத்திரியில இருந்தியே."

"விழுந்துச்சுன்னும் எல்லாருந்தானே சொன்னாங்க" என்றாள்.

"அப்ப விழுந்துச்சுன்னு நெனச்சிக்கினேவா இத்தினி நாளா துன்ன?"

"நீ துன்ன. நானும் துன்னேன்" என்றாள் மேரி, தட்டைக் கவிழ்த்து நீரை வடித்தபடி.

இப்படியும் ஒரு மண்டூகம் இருக்குமா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்தப் பள்ளியிலேயே விவரம் தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்று முடிவுகட்டிக்கொண்டு, வகுப்புக்கு ஓடினேன்.